கனிவாய்க் கேட்கக் கற்றவர்கள்

நம் பங்கின் மறைக்கல்விக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஒன்று நடைபெற்று வருகின்றது. செவிலியர் படிப்பை முடித்து அயல்நாடு செல்லக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள், கப்பலிலும் உணவு விடுதியிலும் வேலை தேடும் இளைஞர்கள் என இருபது பேர் வருகின்றனர். அவர்கள் இருவர் இருவராக எதிரெதிரே நிற்பர். ஒருவர் கடைக்காரர், மற்றவர் வாடிக்கையாளர். ஒருவர் நோயாளி, மற்றவர் செவிலி. 'இந்தப் பேருந்து எங்கே செல்கின்றது என்று தயவுசெய்து சொல்ல முடியுமா?' என்பதை ஆங்கிலத்தில் பத்துமுறை சொல்வார்கள். சிரிப்பொலி கோவில் முற்றம் வரை கேட்கும்.

ஒருநாள் பங்குப் பேரவையின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி, இலக்கணம் அறியாத பிள்ளைகளுக்கு விலை கேட்கவும் வழி கேட்கவும் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு வகுப்பு வேண்டுமா? நல்ல நூல் நான்கைப் படிக்கச் சொன்னால் பேச்சு தானே வராதா?" என்றார். நாம் உடனே மறுமொழி கூறவில்லை. ஏனெனில் நெடுங்காலம் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

குருமடத்தில் நாம் கற்ற ஆங்கிலம் நூல்களின் ஆங்கிலம். இறையியல் தேர்வுகளை அம்மொழியிலேயே எழுதினோம். அருளைப் பற்றியும் தன்னுரிமையைப் பற்றியும் பத்துப் பக்கம் எழுத வல்ல நாம், பிற்காலத்தில் ஆங்கிலம் பேசும் நாடொன்றின் சிற்றூரில் சில மாதம் பணியாற்றச் சென்றபோது, முதல் நாள் ரொட்டிக் கடையில் தோற்றுப்போனோம். 'எனக்கு இரண்டு ரொட்டி கொடுங்கள்' என்று தமிழில் நினைத்து, 'கிவ் மீ டூ ப்ரெட்' என்று ஆங்கிலத்தில் சொன்னோம். கடைக்கார மூதாட்டியின் முகம் இறுகிப்போயிற்று. ரொட்டியைப் பலகைமேல் வைத்துவிட்டு, நம் முகத்தைப் பாராமலேயே காசை வாங்கிக்கொண்டார்.

தமிழில் 'கொடு' என்பதற்கும் 'கொடுங்கள்' என்பதற்கும் உள்ள தொலைவு நாம் எல்லாரும் அறிந்ததே. மரியாதை முழுவதையும் வினைச்சொல்லின் ஈற்றில் நாம் கட்டிவைத்திருக்கின்றோம். அந்த ஈறு ஆங்கிலத்தில் இல்லை. அம்மொழியார் மரியாதையைக் கேள்வியாக வளைத்து வைத்திருக்கின்றனர். 'தர முடியுமா', 'தந்தால் நன்றாயிருக்குமே' என்று சுற்றிவந்து கேட்பதே அவர்களுக்குக் 'கொடுங்கள்'. நம் வாயினின்று புறப்பட்ட 'கொடுங்கள்' அந்த மூதாட்டியின் செவியில் 'கொடு' என்றே விழுந்தது. கற்றறிந்த குரு என்னும் எண்ணத்தோடு கடைக்குள் நுழைந்த நாம், பண்பறியா அந்நியராக வெளியே வந்தோம்.

இந்த எளிய கேள்விகளைப் பாடமாக்கிய முதல் ஆசிரியர்கள் யார் என்று அறிய விரும்பி, ஆங்கில மொழிக் கல்வியின் வரலாற்றைப் புரட்டத் தொடங்கினோம். ஏதோ ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரைக் காண்போம் என்றே எண்ணினோம். கண்டதோ அகதிகளை. அவர்கள் யாரிடமிருந்து ஓடிவந்தவர்கள் என்பதை அறிந்தபோது நூலைச் சற்றே மூடிவைக்க வேண்டியதாயிற்று.

உரையாடல் வழியே மொழி கற்பிக்கும் நூல்கள் அகதிகளுக்கு முன்னரே இருந்தன என்பது உண்மையே. பதினான்காம் நூற்றாண்டில் ப்ரூஜ் நகரின் பள்ளி ஆசிரியர் ஒருவர் பிரெஞ்சும் பிளெமிய மொழியும் அருகருகே அமைந்த நூல் ஒன்றை எழுதினார். வணக்கம் சொல்வது எப்படி, துணி வாங்குவது எப்படி என்று அது தொடங்கும். அதையே தழுவி, இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1480-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் இணைந்த நூலை அச்சிட்டார். ஆண்ட்வெர்ப் நகரின் ஆசிரியர் நோயல் தெ பெர்லேமோன் எழுதிய உரையாடல் நூல் அவருக்குப் பின்னும் வளர்ந்து வளர்ந்து எட்டு மொழிகள் வரை பெருகிற்று. விருந்தில் பேசுவது, வாங்குவது விற்பது, கொடுத்த கடனைத் திரும்பக் கேட்பது ஆகியவை அதில் உண்டு. கடனைக் கேட்பதற்கும் கனிவான ஒரு முறை உண்டென்று அக்காலத்து வணிகர் நம்பினர்போலும்!

இவையெல்லாம் வணிகர்களின் நூல்கள். மடியில் காசை வைத்துக்கொண்டு விலை கேட்பவனுக்குச் சொல் தடுமாறினாலும் காசு பேசிவிடும். காசும் இன்றி, ஊரும் இன்றி, 'இங்கே நான் இருக்கலாமா' என்ற நிலையில் நிற்பவனுக்குச் சொல்லொன்றே துணை. அத்தகையோருக்கென ஆங்கிலப் பேச்சைப் பாடமாக்கியவருள் முதல்வரிசையில் நிற்பவர் ழாக் பெல்லோ. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள கான் நகரத்தவர். 1580-இல் இலண்டனில் 'ஆங்கிலப் பள்ளியாசிரியர்' என்னும் நூலையும், 1586-இல் 'பழகு உரையாடல்கள்' என்னும் சிறுநூலையும் வெளியிட்டார். இரண்டாவதை அச்சிட்ட தாமஸ் வோத்ரோலியேயும் பிரெஞ்சுக்காரரே. அவரது அச்சகம் இருந்த இடத்தின் பெயர் 'கருந்துறவியர்' என்று பொருள்படும் பிளாக்ஃபிரையர்ஸ். எட்டாம் ஹென்றி மன்னன் துறவற மடங்களைக் கலைக்கும் வரை அங்கே இருந்தது நம் சாமிநாதர் சபைத் துறவியரின் மடம்.

பெல்லோவின் மாணவர்கள் யார்? பெரும்பாலும் ஹியூகனாட்டுகள் எனப்பட்ட பிரெஞ்சுச் சீர்திருத்த சபையினர், அவர்களோடு ஸ்பானிய ஆட்சியின்கீழ் இருந்த தாழ்நாடுகளிலிருந்து வந்த நெசவாளர்கள். பட்டு நெய்வோர், பொத்தான் செய்வோர், கண்ணாடி ஊதுவோர், அச்சுக்கோப்போர். 1565-இல் நாரிச் நகரம் முப்பது நெசவுக் குடும்பங்களை அழைத்துக் குடியேற்றியது. 1579-இல் அந்நகரின் ஏறத்தாழ 16,000 மக்களுள் 6,000 பேர் அந்நியர். மூவரில் ஒருவருக்கும் மேல்! கைத்தொழில் நன்கறிந்த, வாய்ச்சொல் அறியாத மனிதர்கள்.

இங்கே நம் வாசகர்களிடம் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். 1572 ஆகஸ்டு 24, புனித பர்த்தலமேயு திருநாள். அன்று விடியுமுன் பாரிசில் ஹியூகனாட்டுகளின் தலைவர்களைக் கொல்லும் வேலை தொடங்கியது. பின்னர் கத்தோலிக்கரான பொதுமக்களே அண்டை வீட்டாரைத் தெருவில் இழுத்துவந்து கொன்றனர். பாரிசில் மட்டும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை மாண்டனர் என்பர். பிற நகரங்களிலும் அது வாரக்கணக்கில் தொடர்ந்தது. செய்தி உரோமைக்கு எட்டியபோது, அரசனுக்கு எதிரான சதி முறியடிக்கப்பட்டது என்று அது சொல்லப்பட்டதாம். எவ்வாறு சொல்லப்பட்டிருப்பினும், பதின்மூன்றாம் கிரகோரியார் நன்றிப்பாடல் பாடச் செய்தார், நினைவுப் பதக்கமும் வார்க்கப்பட்டது. குருமடத்தில் திருச்சபை வரலாற்றைக் கற்றபோது இப்பகுதியை நாம் மிக விரைவாகக் கடந்து சென்றதாக நினைவு. தேர்வில் இது கேட்கப்படவில்லை.

1997 ஆகஸ்டில் உலக இளையோர் நாளுக்காகப் பாரிஸ் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அத்திருநாளின் முந்திய இரவில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் முன் இப்படுகொலையை நினைவுகூர்ந்தார். நற்செய்தி கண்டிக்கும் செயல்களைக் கிறித்தவர்கள் செய்தனர் என்று அவர் ஒளிவின்றி ஏற்றுக்கொண்டார்.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்தவர்களுள் பலர் நம் முன்னோரின் கத்திக்கும், அதைத் தொடர்ந்த போர்களுக்கும் தப்பியவர்கள். 'ஐயா, இது என்ன விலை?' என்று அவர்கள் திக்கித்திக்கிக் கற்ற வாக்கியத்தின் பின்னே அப்படியொரு இரவு இருக்கின்றது.

பெல்லோவின் நூலைப் பற்றி அறியும்போது வியப்பளிப்பது அதன் எளிமை. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள். ஒன்றில் ஆங்கிலம், அதனருகே பிரெஞ்சு, மூன்றாவதில் அதே ஆங்கில வாக்கியம் பிரெஞ்சுக்காரர் வாசித்தால் ஒலிக்கும்வண்ணம் எழுத்துக்கூட்டி எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று என்னும் தொல்லையை அவர் நன்கறிந்திருந்தார். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் முப்பது நாளில் ஆங்கிலம் கற்பிக்கும் மலிவு நூல்கள் விற்கின்றனவே, அவற்றைப் புரட்டிப் பாருங்கள். ஆங்கிலம், தமிழ்ப் பொருள், தமிழ் எழுத்தில் ஆங்கில ஒலி, அதே மூன்று பத்திகள்! நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏழை மாணவனின் தேவை மாறவில்லை. அந்நூல்களைக் கண்டு நகைத்த நாம், இப்போது நகைப்பதில்லை.

நூலின் பொருளும் ஒரு நாளின் போக்கிலேயே செல்கின்றது. காலையில் பிள்ளைகள் எழுவது, பள்ளிக்குப் புறப்படுவது. பிறகு கடைவீதி. கோழி விற்பவர், பழம் விற்பவர், துணி வணிகர், மீன்காரர், இறைச்சிக் கடைக்காரர் என ஒவ்வொருவரிடமும் பேரம். பிறகு வீட்டில் விருந்து. இலக்கண விதி என்று எதுவும் அவ்வுரையாடல்களில் இல்லை. கூலி வாங்கிய நெசவாளியின் மனைவி மறுநாட் காலையில் சந்தைக்குச் சென்று ஏமாறாமல் திரும்ப என்ன வேண்டுமோ அது இருக்கின்றது.

விருந்து உரையாடலில் மட்டும் நூலின் குரல் சற்றே மாறுகின்றது. வீட்டுத்தலைவரும் அண்டை வீட்டாரும் உணவருந்தியபடி செய்தி விசாரிக்கின்றனர். பிரான்சில் நோயும் பஞ்சமும் பரவியுள்ளதைப் பேசுகின்றனர். இந்நாட்டுக்கு வந்துசேர்ந்தோர் பலரா என்று வீட்டுத்தலைவர் கேட்க, மிகப்பலர் என்றும், அவர்களுள் அநேகர் வறுமையில் வாடுகின்றனர் என்றும் அண்டை வீட்டார் சொல்கின்றார். மொழிப் பயிற்சி நூலில் இதற்கு என்ன வேலை? மாணவன் நாவில் பழகவேண்டிய ஒலிகளும் சொற்களும் இதில் இருக்கின்றன என்று ஆசிரியர் கூறியிருக்கக்கூடும். ஆனால், தன் துன்பத்தைத் தானே மூன்றாம் மனிதனைப்போல் எடுத்துச் சொல்லும் ஒரு வாக்கியத்தை அகதியின் வாயில் வைத்தவர் அத்துன்பத்தை அருகிருந்து அறிந்தவராகவே இருக்கவேண்டும். விலை கேட்கக் கற்றவன், தனக்கு நேர்ந்ததைச் சொல்லவும் கற்கின்றான். நாம் எத்தனையோ பாடநூல்களைக் கண்டிருக்கின்றோம். மாணவன் அழுவதற்கும் ஒரு வாக்கியம் தந்த நூல் இது ஒன்றே.

மரியாதைச் சொற்களின் வரலாற்றிலும் ஒரு விந்தை உண்டு. அக்காலத்து ஆங்கிலேயர் பணிவாகக் கேட்கும்போது 'ஐ ப்ரே யூ' என்பர், அதாவது 'உம்மை வேண்டுகின்றேன்'. இதிலுள்ள 'ப்ரே', பின்னாளில் பெருவழக்கான 'ப்ளீஸ்', மன்னிப்புக் கேட்கும் 'பார்டன்', 'எக்ஸ்கியூஸ்', பண்பையே குறிக்கும் 'கர்ட்டசி' ஆகிய எல்லாமே 1066-க்குப் பின் நார்மானியரோடு கடல் கடந்து சென்ற பிரெஞ்சுச் சொற்களின் வழிவந்தவை. 'தாங்க்', 'சாரி' என்னும் இரண்டுமே அம்மண்ணின் பழஞ்சொற்கள். ஆகவே, நார்மண்டியிலிருந்து வந்த பெல்லோ தம் மக்களுக்கு ஆங்கிலப் பணிவைக் கற்பித்தபோது, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தம் முன்னோர் ஆண்டவர்களாகச் சென்று விட்டுவந்த சொற்களையே அவர்கள் அகதிகளாகச் சென்று திரும்பக் கற்றனர். நன்றி சொல்லும் சொல்லை மட்டும் அவ்வூராரிடமிருந்து புதிதாகப் பெறவேண்டியிருந்தது.

அவ்வளவு பணிவாகக் கேட்டும் எல்லாக் கதவுகளும் திறந்தன என்று எண்ணவேண்டாம். அந்நியர் வேலையைப் பறிக்கின்றனர், வீட்டு வாடகையை ஏற்றுகின்றனர் என்னும் முணுமுணுப்பு இலண்டனில் எப்போதும் இருந்தது. 1593-இல் தாழ்நாட்டாரின் ஆலயச் சுவரில் அவர்களை மிரட்டும் செய்யுள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதற்கும் பல்லாண்டுகள் முன்பு, இங்கிலாந்து முழுவதும் கத்தோலிக்க நாடாக இருந்த 1517-இல், 'தீய மே நாள்' என்று பெயர்பெற்ற கலகம் நடந்தது. அதன் தொடக்கம் ஒரு மறையுரை! உயிர்ப்புப் பெருவிழா வாரத்தில் பெல் என்னும் குரு, லிங்கன் என்னும் தரகரின் தூண்டுதலால், அந்நியருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். விண்ணுலகம் ஆண்டவருக்கு, மண்ணுலகம் மனிதருக்கு என்னும் பொருளுடைய 115-ஆம் திருப்பாடலின் அடியை எடுத்துக்கொண்டு, இம்மண் ஆங்கிலேயருக்கே தரப்பட்டது என்று விளக்கினார். சில வாரங்களுக்குள் தொழில் பயிலும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி அந்நியரின் கடைகளைச் சூறையாடினர். முப்பதாண்டுக்கு மேலாகப் பீடத்தருகே நின்று பேசிவரும் நமக்கு, அந்தக் குருவின் கதை எளிதில் மறக்கக் கூடியதாக இல்லை. திருப்பாடலின் ஓரடி போதுமானதாயிருந்தது.

அன்றிரவு கலகக்காரர்களை எதிர்கொண்டு, அமைதியாக வீடு திரும்புமாறு கெஞ்சிப் பேசியவர் நகரின் துணை ஷெரீப்பாக இருந்த வழக்கறிஞர் தாமஸ் மோர். அவர் சொல்லுக்குச் சற்றுநேரம் கூட்டம் செவிசாய்த்தது. ஆனால் வீடுகளிலிருந்து கற்கள் வந்து விழ, எல்லாம் பாழாயிற்று. பின்னர் பதின்மருக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அரசி கேத்தரின் மன்றாடியதால் நூற்றுக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். பிற்கால நாடகம் ஒன்றில் மோர் கலகக்காரரிடம் பேசும் அக்காட்சியை எழுதிய கை சேக்ஸ்பியருடையது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஊரைவிட்டு நீங்களே துரத்தப்பட்டால் எந்நாட்டில் அடைக்கலம் கேட்பீர்கள் என்பதே அதில் மோர் எழுப்பும் கேள்வி. 1535-இல் தலை வெட்டப்பட்டு, 1935-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அதே மோர்தான். அவருடைய வளர்ப்பு மகள் மார்கரெட்டும் அவர் கணவர் ஜான் கிளெமெண்டும், உடன்பிறந்தாள் மகன் வில்லியம் ரஸ்டெலும் பின்னாளில் கத்தோலிக்கர் என்பதாலேயே தாழ்நாடுகளுக்கு ஓடவேண்டியதாயிற்று. ரஸ்டெல் 1565-இல் லூவேன் நகரில் அந்நியராகவே இறந்தார்.

அந்தக் கால்வாயில் படகுகள் இரு திசையிலும் சென்றன என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். ஹியூகனாட்டுகள் வடக்கே செல்ல, ஆங்கிலக் கத்தோலிக்கர் தெற்கே சென்றனர். 1568-இல் வில்லியம் ஆலன் துவே நகரில் அவர்களுக்கெனக் குருமடம் நிறுவினார். அங்கே கற்றுக் குருவாகித் தாயகம் திரும்புவது 1585-இன் சட்டப்படி அரசத் துரோகம். அத்தகைய குருக்களுக்குத் தம் வீட்டில் இடமளித்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் யார்க் நகரின் இறைச்சி வணிகர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளித்தரோ. வழக்குக்கு மறுமொழி கூற மறுத்ததால், 1586 மார்ச் 25 அன்று பாரச்சுமை ஏற்றிக் கொல்லப்பட்டார். இறைச்சிக் கடையில் விலை கேட்பதைப் பெல்லோ இலண்டனில் கற்பித்த நூல் வெளியானதும் அதே 1586-இல்தான். ஒரே நாடு, ஒரே ஆண்டு. வந்தவருக்கு அடைக்கலம், அடைக்கலம் தந்தவருக்குச் சாவு.

அந்த ஆண்டு நமக்கும் புதியதன்று. 1586-இல்தான் அண்ட்ரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' தமிழில் அச்சேறியது. போர்த்துக்கல்லிலிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், பரதவ மக்களிடம் தமிழ் கேட்டுக் கேட்டுக் கற்றவர். இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருவாக வாழ வழியின்றி இயேசு சபையில் சேர்ந்த தாமஸ் ஸ்டீபன்ஸ் 1579-இல் கோவா வந்து, கொங்கணிக்கு இலக்கணமும் மராத்தியில் கிறிஸ்து புராணமும் இயற்றினார். அவர்கள் கற்றதும் முதலில் காவிய மொழியாக இருந்திருக்க முடியாது. தண்ணீர் கேட்கவும் வழி கேட்கவுமே முதலில் கற்றிருப்பர். நம் மக்கள் அவர்களின் திக்கலைப் பொறுத்துக்கொண்டனர். அது நம் முன்னோருக்குப் பெருமையே.

1685-இல் நாந்த்துச் சமயச் சலுகை ஆணை பிரெஞ்சு அரசனால் நீக்கப்பட, மீண்டும் பெருங்கூட்டம் இங்கிலாந்து சென்றது. 'ரெஃப்யூஜி' என்னும் சொல்லே அவர்களோடுதான் ஆங்கிலத்தில் ஏறியது. அவ்வாண்டிலேயே கீ மியேஜ் என்பவர் பிரெஞ்சுக்காரருக்கான ஆங்கில நூலொன்றை உரையாடல்களோடு வெளியிட்டார்.

பிறகு நூறாண்டு கழித்துச் சக்கரம் முழுச் சுற்று வந்தது. 1792-இல் புரட்சி அரசு, தனக்கு உறுதிமொழி அளிக்க மறுத்த கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டுத் துரத்தியது. அவர்களுள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர், ஹியூகனாட்டுகள் கடந்த அதே கால்வாயைக் கடந்து அதே இங்கிலாந்தில் போய் இறங்கினர். அந்நாட்டுக் கத்தோலிக்கருக்கே அப்போது முழு உரிமை கிடையாது. அது கிடைக்க 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் அரசு அக்குருக்களுக்கு மாதந்தோறும் படி வழங்கியது. வின்செஸ்டர் நகரின் அரச மாளிகையில் பல நூறு குருக்கள் ஒன்றாக வாழ இடம் தரப்பட்டது. 1796-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம், நம் திருச்சபை பயன்படுத்திய இலத்தீன் மொழிபெயர்ப்பிலேயே புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, நாடிழந்த பிரெஞ்சுக் குருக்களின் பயன்பாட்டுக்கு என்று முகப்பிலேயே பொறித்துக் கொடுத்தது. பிரிந்த சகோதரர்களின் பல்கலைக்கழகம்! பர்த்தலமேயு திருநாளின் கணக்கை அவர்கள் யாரும் எடுத்து நீட்டவில்லை.

அந்தக் குருக்களை எண்ணிப் பார்க்கின்றோம். நம் வயதினர் பலர் இருந்திருப்பர். இலத்தீனில் புலமையும், மறையுரையில் பெயரும் பெற்றவர்கள். ஆங்கிலத்தில் ஒரு கிண்ணம் பால் கேட்கத் தெரியாதவர்கள். பிரெஞ்சு கற்பித்து வயிறு வளர்த்தோர் பலர். ரொட்டிக் கடையில் அவர்களுள் யாரேனும் 'கொடு' என்று கேட்டுவிட்டு முகம் இறுகிய மூதாட்டியின் முன் நின்றிருக்கலாம்.

இவற்றையெல்லாம் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் ஒரு மாலையில் சொன்னோம். நெடுநேரம் கேட்டிருந்தவர், "பர்த்தலமேயு நாள் கதையை எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை, சாமி" என்றார். அடுத்த சனிக்கிழமை அவரே வகுப்புக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்தார். கடைக்காரராக நடிக்க ஆள் குறைந்தபோது எழுந்து நின்றார். நல்ல கறாரான கடைக்காரர். பணிவாகக் கேட்காத பிள்ளைக்கு அவர் பொருள் தருவதில்லை.

போன மாதம் இன்னொன்று நடந்தது. நம் பங்கின் எல்லையில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தங்கியுள்ளனர். வேலை முடிந்து திரும்பும் இருவர் வகுப்பின் சிரிப்பொலி கேட்டு சன்னலருகே நின்றனர். அவர்களுள் இளையவன் உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணா, தண்ணி குடு" என்றான். வகுப்பில் ஓரிருவர் முகம் சுளித்தது உண்மை. 'குடு' என்கின்றானே என்று ஒருவன் முணுமுணுத்தான். செவிலியர் படிப்பு முடித்த பெண்ணொருத்தி எழுந்து சென்று தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும், "தம்பி, 'குடுங்க' என்று சொல்லவேண்டும்" என்றாள். அவன் "குடுங்க, குடுங்க" என்று இருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தான். பிறகு, காய்கறிக் கடையில் விலை கேட்பது எப்படி என்று கையால் காட்டிக் கேட்டான்.

இப்போது சனிக்கிழமைகளில் ஆறு மணிக்குமேல் கூடத்தில் ஐந்தாறு பேர் தமிழ் பேசிப் பழகுகின்றனர். அந்த ஆசிரியரே கடைக்காரர். ஒடிய எழுத்தறிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கின்றோம். பக்கத்திற்கு மூன்று பத்தியாக ஒரு சிறு கையேடு எழுதவேண்டியுள்ளது.